பண்டித ரமாபாய்

மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் உள்ள கங்காமூலக் காட்டில் 1858ஆம் ஆண்டு ரமாபாய் பிறந்தார். பெண்கள் வடமொழி கற்றலாகாது என்றிருந்த காலத்தில் அவர்தம் தந்தையார் அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கு அம்மொழியைக் கற்பித்தார். அத்தாயிடமே ரமாபாயும் கற்றார். கோயில்தோறும் சென்று புராணம் படித்து வாழ்ந்த அக்குடும்பத்தைப் பஞ்சம் சிதைத்தது. பெற்றோரையும் தமக்கையையும் இழந்த ரமாபாயும் தமையனாரும் பெரும்பாலும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றி, 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அந்நகரத்து அறிஞர்கள் அவர்தம் புலமையை வியந்து பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினர்.

மணமாகி இரண்டாண்டு நிறையுமுன் கணவர் மறைந்தார். கைக்குழந்தை மனோரமாவுடன் ரமாபாய் 1883இல் இங்கிலாந்து சென்றார். அங்கு வான்டேஜ் என்னும் ஊரின் கன்னியர் மடத்தார் அவரை வரவேற்றனர். இலண்டனைச் சார்ந்த புல்காமில் அம்மடத்தார் நடத்திய இல்லம் ஒன்றை அவர் கண்டார். ஊராரால் ஒதுக்கப்பட்ட பெண்களை அங்கே அச்சகோதரியர் அன்புடன் பேணினர். அவ்வன்பின் ஊற்று எது என்று தேடியதே அவரைக் கிறித்துவிடம் சேர்த்தது. அவ்வாண்டே அவர் திருமுழுக்குப் பெற்றார்.

ஆயினும் ரமாபாய் தம் அறிவை எவரிடமும் அடகு வைக்கவில்லை. மடத்துப் பெரியோருடன் கோட்பாடுகள் குறித்து அஞ்சாது வாதிட்டார். மரக்கறி உணவையும் விடவில்லை.

1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்கெனச் சாரதா சதனம் தொடங்கினார். அது மறு ஆண்டு புணேக்கு மாறியது. அங்கே சமயம் பரப்புவதில்லை என்பது அவர் அளித்த உறுதி. ஆனால் தம் வழிபாட்டை அவர் ஒளிக்கவில்லை. அறைக் கதவு திறந்தே இருந்தது. விரும்பிய சிறுமியர் வந்து அமர்ந்தனர். இதனால் 1893இல் பெரும் பூசல் எழுந்தது. ரானடே, பண்டார்கர் முதலிய சான்றோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் தம் மகளிரை அழைத்துச் சென்றனர். கிறித்தவர் சிலரோ, அவர் போதிய அளவு சமயம் பரப்பவில்லை என்று குறை கூறிவந்தனர்! இருபுறத்துப் பழியையும் ஏற்று அவர் பணியைத் தொடர்ந்தார்.

1896இல் நடு இந்தியாவைப் பஞ்சம் வாட்டியது. பசியின் கொடுமையை இளமையிலேயே அறிந்த ரமாபாய் தாமே நேரிற்சென்று, ஆதரவற்ற சிறுமியரைத் திரட்டி வந்தார். அவர்கள் தங்குவதற்கெனப் புணேக்கு அருகிலுள்ள கேட்காவில் முக்தி சதனம் எழுந்தது. 1900இல் குசராத்துப் பஞ்சத்தால் வந்தோரையும் சேர்த்து, அங்கு வாழ்ந்தோர் 1000க்கும் மேலாயினர். கூடி வழிபட்டபின், அவர்கள் உழவு, நெசவு, பால்பண்ணை, எண்ணெய்ச் செக்கு, அச்சுக்கூடம் எனப் பிரிந்து உழைத்தனர். பார்வையற்றோர் பிரெயில் எழுத்துக் கற்றனர். ஊர் விலக்கிய பெண்களுக்குக் கிருபா சதனம் என்னும் தனி இல்லமும் அமைந்தது. புல்காமில் கண்ட காட்சி இங்கே மண்ணில் வேர்கொண்டது.

கல்லாத சிற்றூர்ப் பெண்ணுக்கும் விளங்கும் எளிய மராத்தியில் விவிலியம் வேண்டும் என்று கருதிய ரமாபாய், அதற்கெனவே எபிரேயமும் கிரேக்கமும் பயின்றார். ஆண்டுகள் பலவாக அவர் மொழிபெயர்த்துவர, அவ்வில்லத்துப் பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். 1921இல் மகள் மனோரமா இறந்தார். துணையாக நின்று இல்லத்தை நடத்திய மகளை இழந்தபின்னும் அவர் அப்பணியைக் கைவிடவில்லை. 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாய் மறைந்தார். அவர் மொழிபெயர்த்த முழு விவிலியம் 1924இல் முக்தி அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது.