சணல் முறுக்கில் ஒளியின் வழியைக் கண்டவர்



கும்மிடிப்பூண்டிப் பள்ளிவாசலில் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் சில வாலிபர்களுடன் நாம் அமர்ந்திருந்தோம். அனைவரும் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள். அவர்களில் ஒருவர் தமது மனக்குறையைச் சொன்னார். தாம் பார்க்கும் வேலையையே நிரந்தரத் தொழிலாளி ஒருவரும் பார்க்கிறார். அவர் பெறும் சம்பளத்தில் பாதிகூடத் தமக்கு இல்லை; காரணம், தாம் ஒப்பந்தக்காரரின் ஆள். சம்பளம் பாதி என்றால் வேலையையும் பாதியாகச் செய்வது கூடுமா என்று நம்மிடம் மஸ்அலா கேட்டார். அருகில் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த இரு வாலிபர்களும் இருந்தனர். அவர்களைக் கண்டதும் அவர்கள் நாட்டில் பிறந்த ஒரு மேதையின் நினைவு நமக்கு வந்தது. அன்று அங்கே சொன்னதையே இங்கும் எழுதுகிறோம்.

அவர் பெயர் ஜகதீச சந்திர போஸ். நம் மார்க்கத்தைச் சார்ந்தவரல்லர். ஆயினும் நல்லறிவு எங்கே கிடைத்தாலும் அதைத் தொலைத்த பொருளைக் கண்டெடுத்ததுபோல் எடுத்துக்கொள்ளும்படி கற்பிக்கப்பட்டவர்கள் நாம்.

போஸ் 1858 நவம்பர் 30-ல் பிறந்தார். இன்றைய பங்களாதேஷில் உள்ள விக்ரம்பூர்ப் பகுதியே அவர்களின் பூர்வீகம். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருந்தோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே பெருமை எனக் கருதிய காலம் அது. இவரோ தம் மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே போஸின் வலப்பக்கத்தில் அமர்ந்தவன் அவர் தந்தையிடம் ஏவலாளாக இருந்த ஒரு முஸ்லிமின் மகன். இடப்பக்கத்தில் அமர்ந்தவன் ஒரு மீனவரின் மகன். பள்ளி விட்டு மூவரும் வீட்டுக்கு வந்தால் போஸின் தாயார் மூவருக்கும் வேற்றுமை பாராட்டாமல் உணவளிப்பார். அந்நாளில் ஓர் இந்துக் குடும்பத்தில் இது சாதாரணமன்று. 1915-ல் தம் சொந்த வட்டாரத்து மாநாட்டில் பேசியபோது, போஸ் இதை நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

கல்கத்தா செயிண்ட் சேவியர் கல்லூரியில் பயின்று, 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார். விடாத காய்ச்சலால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் கற்றார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார்.

சோதனை அங்கேதான் தொடங்கியது. அக்கால விதிப்படி, ஆங்கிலேயப் பேராசிரியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. நியமனம் தற்காலிகமானது என்பதால் போஸுக்கு அதிலும் பாதி. அவர் என்ன செய்தார்? வேலையைக் குறைத்தாரா? இல்லை. வேலையை விட்டாரா? அதுவும் இல்லை. ஒரு வகுப்பையும் விடாமல் பாடம் நடத்தினார். குறைத்துத் தந்த சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். ஒரு மாதமல்ல, இரு மாதமல்ல, மூன்று ஆண்டுகள்! அதற்கிடையில் 1887-ல் திருமணமும் நடந்தது. மனைவி அபலா நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பெண்களுக்கு மருத்துவக் கல்வி தரக் கல்கத்தாவில் வழியில்லாத காலத்தில் 1882-ல் சென்னை வந்தவர். அப்பெண்மணியும் கணவரின் சிரமத்தில் மனமுவந்து பங்கு கொண்டார்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. நியமனம் உறுதி செய்யப்பட்டு, தொடக்க நாள் முதல் முழுச் சம்பளமும் கணக்கிட்டுத் தரப்பட்டது. மொத்தமாக வந்த பணத்தைப் போஸ் தம் தந்தையின் கடனுக்குக் கொடுத்தார். ஊர் மக்கள் நன்மைக்காகத் தொடங்கிய தொழில்களில் நொடித்துப் போனவர் அந்தத் தந்தை. கடனோடு இறந்தவரின் விஷயத்தில் நம் மார்க்கம் எவ்வளவு கண்டிப்புக் காட்டுகிறது என்பதை அறிந்தவர்கள் இந்தச் செயலின் மதிப்பை உணர்வார்கள்.

இனி அவருடைய ஆராய்ச்சிக்கு வருவோம். ஒளியின் இயல்பை ஆராய்ந்த இப்னுல் ஹைத்தம் அவர்களை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். 965-ல் பஸராவில் பிறந்து, ஏறத்தாழ 1040-ல் கெய்ரோவில் மறைந்த அப்பெருமகனார் ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலில், கண்ணாடியில் பட்ட ஒளி எவ்வாறு திரும்புகிறது என்பதைச் சோதித்து எழுதினார்கள். போஸ் எடுத்துக்கொண்டது கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒளியும் வானொலி அலையும் ஒரே இனம்; நீளத்தில்தான் வேறுபாடு. நாம் காணும் ஒளியலை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. போஸ் உண்டாக்கியதோ சுமார் 5 மில்லிமீட்டர் அளவுக்கும் குறுக்கிய மின்னலை.

1894-ல், குளியலறையை அடுத்த ஒரு சிற்றறையில் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கிக் கருவிகளைச் செய்துகொண்டார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் பலர் முன்னிலையில் சுவர்களை ஊடுருவிச் சென்ற அலை, அப்பாலிருந்த மணியை அடித்தது; வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது.

அலை ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும். ஒரு திசை அதிர்வை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்க முடியுமா? போஸ் ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். அந்தப் புத்தகமே அலைகளைப் பிரிக்கும் சல்லடையாயிற்று!

1898-ல் செய்தது அதனினும் வியப்பு. சர்க்கரைக் கரைசல் தன்னூடே செல்லும் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத அதன் அணுத்திரளின் அமைப்பே காரணம். அதைப்போல் பெரிதாக ஒன்றைக் கையால் செய்துபார்த்தால் என்ன என்று போஸ் எண்ணினார். வங்காளத்தில் மலிந்து கிடக்கும் சணலை எடுத்து முறுக்கி, அலையின் வழியில் வைத்தார். அலையின் அதிர்வுத் திசை திரும்பியது. வலப்புறம் முறுக்கிய சணல் ஒரு பக்கம் திருப்பியது. இடப்புறம் முறுக்கியது எதிர்ப்பக்கம் திருப்பியது. இரண்டும் சணல்தான், முறுக்குத்தான் வேறு.

பொருள் எதனால் ஆனது என்பது மட்டுமல்ல, அது எப்படி அமைக்கப்பட்டது என்பதும் ஒளியின் வழியைத் தீர்மானிக்கும். அந்தச் சணல் முறுக்கு உணர்த்திய உண்மை இதுவே. நூறாண்டுக்குப் பின் இக்கருத்தே ஒரு பெருந்துறையாயிற்று. அலையின் நீளத்தைவிடச் சிறிய உலோக வளையங்களை வரிசையாக அடுக்கி, இயற்கைப் பொருளில் காணாத குணங்களை உண்டாக்குகிறார்கள். மெட்டா மெட்டீரியல் என்பது அதன் பெயர். 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், ஒரு சிறு செம்பு உருளையைச் சுற்றி இவ்வகை வளையங்களை அமைத்து, நுண்ணலைகள் அதை வளைந்து கடந்து செல்லும்படி செய்தனர். ஒளியை ஆளும் மற்றொரு வழி நுண் கண்ணாடிகள். மயிரிழையின் பருமனிலும் சிறிய பல கண்ணாடிகளை ஒரு சில்லில் பதித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சாய்க்கும் கருவியை அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் 1987-ல் உருவாக்கினர். திரையில் படங்காட்டும் கருவிகள் பலவற்றில் இன்று இருப்பது அதுவே. மெட்டா மெட்டீரியலின் வரலாற்றை எழுதுவோர் அந்தச் சணல் முறுக்கிலிருந்தே தொடங்குவதுண்டு.

தம் கண்டுபிடிப்புகளைக் காசாக்கப் போஸ் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் பெற்ற அமெரிக்க உரிமை ஒன்று 1904-ல் கிடைத்தது. அதையும் வருமானத்துக்குப் பயன்படுத்தினாரில்லை. பின்னர் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-ல் கல்கத்தாவில் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் மறைந்தார்.

இப்போது அந்த வாலிபரின் கேள்விக்கு வருவோம். ஒப்புக்கொண்ட வேலையைக் குறைப்பது அமானிதத்தில் செய்யும் மோசடி; அது கூடாது. அதற்காக அநீதியை வாய் மூடிச் சகிப்பதும் பொறுமையல்ல. போஸ் வேலையில் குறை வைக்கவில்லை. உரிமையைக் கேட்பதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் மூன்றாண்டு சம்பளமின்றி இருங்கள் என்று வீட்டு வாடகைக்கே திண்டாடும் தொழிலாளியிடம் நாம் சொல்ல மாட்டோம். தனி மனிதரால் இயலாததைப் பலர் கூடி, சட்டம் அனுமதிக்கும் வழியில், முறையாகக் கேட்க வேண்டும் என்றே சொன்னோம். சணல் இழைகள் தனித்தனியே கிடந்தபோது அலை திரும்பவில்லை. ஒன்றாக முறுக்கப்பட்டபோது திரும்பியது. ஐவேளையும் ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஒரே வேலைக்கு இரு கூலி கொடுத்துவிட்டு முதல் ஸஃப்பில் வந்து நிற்போர், கியாமத் நாளின் தராசை எண்ணிப் பார்க்கட்டும்.

அல்லாஹு தஆலா உழைப்பவருக்கு நேர்மையையும், உழைப்பு வாங்குபவருக்கு நீதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.