உதவியாளர் கண்ட நட்சத்திரம்



எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடிச்சாலும் இன்ஜினியருக்குப் பின்னால் டேப் பிடிக்கத்தானே போறே என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அது மனசைக் குத்திக்கிட்டே இருந்தது. சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் ஆறியது.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தார். அங்கே வடக்கு தெற்காக மட்டும் அசையும் ஒரு தொலைநோக்கி. ஒவ்வொரு நட்சத்திரமும் அதிலுள்ள மெல்லிய இழைகளைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். இப்படி அவர் எடுத்த அளவீடுகள் சுமார் 38,000! நாம சர்வே பிராக்டிகல்ல மூணாவது ரீடிங்குக்கே சலிச்சுக்கிறோம்.

1867-ல் தென்வானில் ரெட்டிக்குலம் என்ற கூட்டத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி மாறுவதை அவர் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிக்குலி. (நம் தியோடலைட்டில் குறுக்கிழை இருக்கிறதே, அதுபோல் தொலைநோக்கியில் உள்ள இழையமைப்பின் பெயர்தான் அந்தக் கூட்டத்துக்கு வைக்கப்பட்டது.) அது விரிந்து சுருங்கும் ஒரு சிவப்பு நட்சத்திரம். சுமார் 278 நாளுக்கு ஒருமுறை பிரகாசமாகி மறுபடி மங்கும். இரண்டு நிலைக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ள, மார்கழியில் நண்பர்கள் நாலு பேர் பைனாகுலருடன் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். ராத்திரி பத்து மணிக்கு, அகஸ்திய நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் கீழே, அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில் அந்த இடம். முதலில் ஒண்ணுமே தெரியலை. அரை மணி நேரம் வெளிச்சமே பார்க்காமல் இருட்டில் உட்கார்ந்தோம். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி வரைபடம் பார்த்தோம். நேரே முறைத்துப் பார்த்தால் மறையும் மங்கலான புள்ளி, கடைக்கண்ணால் பார்த்தால் தெரிகிறது! மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. பைனாகுலரை லேசாகத் தட்டினால், அசைவினால் இன்னும் சில புள்ளிகள் தெரிந்தன. ஆனால் கடலோர ஈரக்காற்றிலும் ஊர் விளக்கொளியிலும் அவருடைய நட்சத்திரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதே உயரத்தில்தான் சென்னையிலும் அவர் அதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் பார்த்தவனுக்கு ஒளி மாறியது தெரியாது. முன்பு பார்த்ததைப் பொறுமையாகக் குறித்து வைத்தவனுக்குத்தான் தெரியும்.

1868 முழுச் சூரிய கிரகணத்தின்போது வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பாமர மக்களுக்கும் புரியும்படி பல இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். நேரில் பார்த்த அளவுகளுக்குப் பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் கணித்தார். பரம்பரைக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகாதபோது, வானம் சொல்வதை ஏற்கும் துணிவு அவருக்கு இருந்தது. 1880-ல் மறைந்தார்.

கடைசிவரை அவர் பதவி உதவியாளர்தான். ஆனால் அந்த நட்சத்திரத்தின் வரலாற்றில் அவர் பெயர்தான் முதலில் நிற்கிறது. நண்பர்களே, டேப் பிடித்தாலும் பரவாயில்லை. ரீடிங்கை உண்மையாக எழுதுவோம்!