கடலை மறித்த மடொக்ஸ்

வேல்சு நாட்டின் வடமேற்கிலே, சினோடன் மலைத்தொடர் கடலை நோக்கித் தாழ்ந்துவரும் இடத்தில், போர்த்மடொக் என்னும் சிறு துறைமுகப் பட்டினம் உளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பட்டினமும் இல்லை; அதன் பின்னே பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலங்களும் இல்லை. கிளாசுலின் ஆறு கடலொடு கலக்கும் அகன்ற மணற்கழி ஒன்றே அங்கிருந்தது. திரைத் மௌர், அஃதாவது பெருமணற்பரப்பு, என்பது அதன் பெயர். கடல் வற்றும் வேளை பார்த்து, வழிகாட்டிகளின் துணையோடு மக்கள் அதனைக் கடப்பர். வேளை தவறியோரைப் பெருக்கு வாரிக்கொண்டுபோதலும் உண்டு.

இக்கழியை அணையிட்டு மறித்தல் கூடுமோ என்னும் எண்ணம் பழையது. இலண்டன் மாநகருக்குப் புத்தாறு வெட்டித் தண்ணீர் கொணர்ந்த மிடில்ற்றன் என்பாரை, அந்நாட்டுப் பிரபு ஒருவர் 1625ஆம் ஆண்டிலேயே இதன்பொருட்டு வேண்டினார். அவர் இசைந்திலர். அவ்வளவு கைதேர்ந்தவர் ஏற்க மறுத்த பணியைப் பொறியியல் கல்லாத ஒருவர் பின்னாளில் மேற்கொண்டார்.

அவரே வில்லியம் அலெக்சாந்தர் மடொக்ஸ். வேல்சுக் குடியிற் பிறந்த செல்வர் ஒருவரின் மைந்தராக இலண்டனில் 1773இல் தோன்றினார். 1798இல் அக்கழியோரத்தில் நிலம் வாங்கினார். 1800ஆம் ஆண்டளவில் முதலணை ஒன்றை எழுப்பி, ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் நிலத்தைக் கடலிடமிருந்து மீட்டார். அந்நிலத்திலே திரெமடொக் என்னும் ஊரைத் தாமே வகுத்தமைத்தார். சந்தைச் சதுக்கம், தேவாலயம், கம்பளி ஆலை யாவும் அங்கு எழுந்தன. இலண்டனிலிருந்து அயர்லாந்து செல்லும் பெருவழி தம்மூரினூடே செல்லவேண்டும் என்பது அவர் அவா. அதனாலேயே வீதிகளுக்கு இலண்டன் என்றும் டப்ளின் என்றும் பெயரிட்டார். அப்பெருவழியோ ஹோலிஹெட் துறைக்குப் போயிற்று. வீதிப்பெயர்கள் மட்டும் நிலைத்தன. அரேபிய லோறன்ஸ் எனப் புகழ்பெற்றவர் 1888இற் பிறந்தது இவ்வூரிலேதான்.

1802 முதல் பொஸ்ரன் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் அவர் விளங்கினார். ஆசனங்கள் விலைப்படுவதை எதிர்த்து, 1809இல் அமைச்சர் பேர்சிவல், காசில்ரே ஆகியோர்மீது அவையிலே நேருக்கு நேர் குற்றஞ் சாட்டினார். அம்முயற்சி தோற்றது. எனினும் அவர்தம் துணிவுக்கு அது சான்று.

இனி, பேரணையின் வரலாறு. 1807இல் பாராளுமன்றச் சட்டம் பெற்று, அடுத்த ஆண்டு வேலை தொடங்கிற்று. ஏறக்குறைய ஒரு மைல் நீளம். இரு கரைகளிலிருந்தும் கல்லுடைத்து, தண்டவாள வண்டிகளில் ஏற்றி, கடலிற் கொட்டிக்கொண்டே வந்தனர். இடைவெளி குறுகக் குறுக நீரின் விசை மிகுந்தது. கொட்டிய கல்லை ஓட்டம் அள்ளிச் சென்றது. மடொக்ஸ் பெரும்பாலும் இலண்டனில் இருந்தமையால், களத்தில் நின்று வேலையை நடத்தியவர் அவருடைய முகவர் ஜோன் வில்லியம்ஸ் ஆவர். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகையோரை மறந்துவிடுதல் வழக்கம். இவரின்றி அணை இல்லை. 1811இல் வாய் அடைபட்டது. எருது வாட்டி, குதிரைப் பந்தயம் நடத்தி, ஊரார் விழவயர்ந்தனர்.

களிப்பு நீடித்திலது. 1812 பெப்ரவரியில் வீசிய புயல் அணையை உடைத்தது. 23,500 பவுண் என மதிப்பிட்ட வேலை 60,000 பவுணையும் விழுங்கியிருந்தது, கடன்காரர் நெருக்கினர். அவ்வேளையிற் சுற்றுப்புறத்து உழவர் ஆட்களையும் குதிரைகளையும் வண்டிகளையும் தந்து உதவினர். இளங்கவிஞர் செல்லி அவ்வாண்டே அங்கு வந்து குடியிருந்து, நூறு பவுண் தருவதாக வாக்களித்து, பிறரிடமும் பொருள் வேண்டினார். 1813 பெப்ரவரியில் ஓரிரவு தம் வீட்டினுள் எவரோ புகுந்து சுட்டனர் என்று கூறி, அவர் ஊரைவிட்டே அகன்றார். உடைப்பு 1814இல் அடைபட்டது.

இதில் வியப்பு ஒன்றுண்டு. மடொக்ஸ் தேடியது விளைநிலம், கிடைத்ததோ துறைமுகமும். அணையால் ஒதுக்கப்பட்ட கிளாசுலின் ஆறு, மதகின் வழியே ஒரே மூலையிற் பாய்ந்து மணலை அரித்து, ஆழமான வாய்க்காலைத் தானே தோண்டிவிட்டது. அங்கே துறை அமைக்க 1821இல் சட்டம் பிறந்தது. மலையிலே வெட்டிய சிலேற்றுக்கல் கப்பலேறிற்று. 1836இல் பெசுதினியொக் இரும்புப்பாதை அப்பேரணையின் மீதே வந்து சேர்ந்தது. 1873இல் 116,000 தொன்னுக்கு மேற்பட்ட சிலேற்றுக்கல் அத்துறையினின்று சென்றது.

பட்டினத்தின் பெயர் மடொக்ஸ் என்பதினின்று வந்தது என்பர். கடல்கடந்து அமெரிக்கா சென்றதாகக் கதை வழங்கும் மடொக் இளவரசனோடு சார்த்துவோரும் உளர். தம் பெயர் பழங்கதையோடு ஒத்திசைந்ததை மடொக்ஸ் வெறுத்திருக்கமாட்டார் என்றே நாம் எண்ணுகின்றோம்.

மலைநிழல் விழுந்த அந்நீர்ப்பரப்பு மறைந்தமைக்கு வருந்தினோரும் இருந்தனர். அவ்வருத்தம் பொய்யன்று. ஆனால் அழகைக் கரையினின்று கண்டு மகிழ்ந்தோர் வேறு. அக்கழியைக் கால்நடையாய்க் கடந்து அஞ்சியோர் வேறு.

மடொக்ஸ் 1818இல் மணம் புரிந்தார். இத்தாலி சென்று மீளும் வழியில், 1828 செப்டம்பரில் பாரிசு நகரத்தில் உயிர்நீத்து, அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அணைமீது ஓடிய வண்டிகளை அவர் கண்டிலர். அணையைக் கடப்போரிடம் பெற்றுவந்த சுங்கம் 2003இலேதான் நிறுத்தப்பட்டது.