மாளிகையில் மலர்ந்த இசைமலர்

மேல்நாட்டு இசை என்றதும் பாக், மோட்சார்ட், பீத்தோவன் என்னும் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. இவர்கள் அனைவரும் ஆண்கள். பெரிய இசை நூல்களை இயற்றிய பெண்கள் இல்லையா என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. உண்டு என்பதற்குச் சான்றாக விளங்குபவர் குரோஷிய நாட்டின் இசைமேதை டோரா பெயாச்செவிச். 37 ஆண்டுகளே வாழ்ந்த இவ்வம்மையாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

டோரா 1885-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். குரோஷியா அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தை தியோடர், பழம்பெரும் பிரபு குலத்தவர். 1903 முதல் 1907 வரை குரோஷியாவின் ஆளுநராகவும் இருந்தவர். தாய் ஹங்கேரிய நாட்டுக் கோமகள். பாடவும் பியானோ வாசிக்கவும் வல்லவர். அத்தாயே டோராவின் முதல் இசையாசிரியை.

நாஷிட்சே என்னும் சிற்றூரில் இருந்த குடும்ப மாளிகையில் டோரா வளர்ந்தார். மாளிகையைச் சுற்றிப் பெரிய பூங்கா. உள்ளே நிறைந்த நூலகம். நம் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவியரை ஒத்த 12-ஆம் வயதிலேயே இசை இயற்றத் தொடங்கினார். முதலில் ஜாக்ரெப் நகரிலும், பின்னர் ஜெர்மனியின் டிரெஸ்டன், மியூனிக் நகரங்களிலும் தனியாசிரியர்களிடம் பயின்றார். எனினும், பிறருடைய இசை ஏடுகளைத் தாமே ஊன்றிப் படித்துக் கற்றதே மிகுதி.

பூக்களின் மீது அவருக்கு அளவற்ற பிரியம். மாதந்தோறும் மலரும் பூக்களை எண்ணி, பியானோவுக்கென எட்டுச் சிறு இசைப்பாக்களை இயற்றினார். பணக்காரப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று இதனைச் சிலர் கருதியிருக்கலாம். ஆனால் டோரா அத்துடன் நிற்கவில்லை. 1913-இல் பியானோவுக்கும் முழு வாத்தியக் குழுவுக்குமான கச்சேரி இசையைப் படைத்தார். குரோஷிய இசை வரலாற்றில் அவ்வகையில் அதுவே முதல் படைப்பு.

மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. காயமுற்ற வீரர்கள் நாஷிட்சேக்குக் கொண்டுவரப்பட்டனர். பட்டாடை உடுத்தி வளர்ந்த டோரா, தாமே முன்வந்து தாதியாகிப் பணிவிடை செய்தார். குருதியையும் கண்ணீரையும் நேரில் கண்ட அவ்வுள்ளம் மாறியது. பாடுபடாமல் மனிதர் எவ்வாறு வாழ இயலும் என்று அவர் வியந்தார். தம் குலத்தாரின் சோம்பல் வாழ்வைக் கடிதங்களில் கடிந்து எழுதினார். பகலில் நோயாளிகளைப் பேணுவதும் கிடைத்த நேரத்தில் இசை எழுதுவதுமாக அந்நாட்கள் கழிந்தன.

அவருடைய தலைசிறந்த படைப்பாகிய சிம்பொனி இந்தப் போர்க்காலத்தில் பிறந்ததே. வயலின், குழல், எக்காளம், முரசு யாவும் சேர்ந்த பெரிய வாத்தியக் குழுவுக்காக நான்கு பகுதிகளாக எழுதப்பட்ட இதனை 1916-இல் தொடங்கி 1917-இல் முடித்தார். 1918-இல் வியன்னாவில் இதன் இரு பகுதிகள் மட்டும் இசைக்கப்பட்டன. 1920-இல் டிரெஸ்டன் நகரில் முழுமையாக அரங்கேறியது. ஆண்களுக்கே உரியதென்று எண்ணப்பட்ட துறையில் ஒரு பெண் துணிந்து நடந்தார்.

1921-இல் ஓட்டோமார் லும்பே என்பவரை மணந்து மியூனிக் நகரில் குடியேறினார். 1922-இல் தாய்மை அடைந்திருந்தபோது, பிரசவத்தில் தாம் பிழைக்காமற் போகலாம் என்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. கணவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். பிறக்கும் குழந்தை உண்மையும் திறந்த உள்ளமும் உடைய மனிதனாக வேண்டும். செடி போல் தானே வளர விடவேண்டும். துன்பம் உள்ளத்தை உயர்த்துவதால், துன்பமே அணுகாதபடி மூடி வைக்கக்கூடாது. திறமை இருப்பின் அதற்கு வேண்டிய யாவும் தரவேண்டும். ஆணாயினும் பெண்ணாயினும் இதில் வேற்றுமை கூடாது என்று அதில் வேண்டினார்.

1923 ஜனவரி 30-இல் ஆண் மகவு பிறந்தது. அவர் அஞ்சியவாறே நேர்ந்தது. பிரசவத்தைத் தொடர்ந்த நோயினால் மார்ச் 5-ஆம் நாள் டோரா கண் மூடினார். அவர் விரும்பியபடியே நாஷிட்சேயில், குடும்பக் கல்லறை மாடத்தில் அன்றித் தனியே, நல்லடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் குலப்பெயரோ பட்டமோ இல்லை. டோரா என்னும் பெயரும், இனி இளைப்பாறுக என்னும் பொருள்படும் சொற்களுமே உள்ளன.

அவர் விட்டுச் சென்ற இசைத் தொகுப்புகள் 58. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவை, 1982-இல் அவரைப் பற்றிய ஆய்வு நூல் வெளிவந்தபின் மீண்டும் கவனம் பெற்றன. 1993-இல் அவர் வாழ்வைத் தழுவித் திரைப்படமும் எடுக்கப்பட்டது. இன்று பல நாட்டு மேடைகளில் அவர் சிம்பொனி ஒலிக்கிறது.

ஆண்டவர் கூறிய தாலந்து உவமையை நாம் அறிவோம். பெற்ற தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவன் கண்டிக்கப்பட்டான். டோரா தம் தாலந்தைப் புதைக்கவில்லை. பெண் என்பதற்காக வேறு எவருடைய தாலந்தும் புதைக்கப்படுவதையும் அவர் விரும்பவில்லை. மகளின் கையில் வீணையோ, தூரிகையோ, கணித ஏடோ இருக்கக் காணும் பெற்றோர், அத்தாய் எழுதிய கடிதத்தை ஒரு கணம் நினைவுகூர்வார்களாக. மாணவியராகிய நாமும், பெற்றது எதுவாயினும் அதனை நாள்தோறும் உழைத்துப் பெருக்குவோமாக.