ஹார்ட் அட்டாக் ரத்தப் பரிசோதனைக்குப் பின்னால் ஒரு சென்னை மாணவர்: யார் இந்த சுப்பாராவ்?

நெஞ்சு வலின்னு எமர்ஜென்சிக்குப் போனால், இசிஜி எடுத்த கையோடு ரத்தமும் எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் ட்ரோபோனின் இருக்கும். சில இடங்களில் சிகே-எம்பியும் இருக்கும். இந்த சிகே-எம்பிக்குப் பின்னால், மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் துறவியாக ஆசைப்பட்ட ஒரு இளைஞரின் உழைப்பு இருக்கிறது.

அவர் எல்லப்பிரகத சுப்பாராவ். 1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிக் தேறினார். துறவுக்கு அம்மா சம்மதிக்கவில்லை. மாநிலக் கல்லூரி வழியாக மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

அங்கேயும் சிக்கல். காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில், மதிப்பு குறைந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவ வேலையும் அமையவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்திவிட்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அதன் பிறகு ஊர் திரும்பவே இல்லை.

பாஸ்டனில் என்ன செய்தார்?

செலவுக்காக ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தபோது, 1927இல் பாஸ்போகிரியேட்டின் பிடிபட்டது. சட்டென்று ஆற்றல் தேவைப்படும்போது தசை எடுத்துச் செலவழிக்கும் கையிருப்பு அது.

இதயத்துக்கு என்ன சம்பந்தம்?

அந்தக் கையிருப்பைக் கையாளும் என்சைம்தான் கிரியேட்டின் கைனேஸ், சுருக்கமாக சிகே. இதயத் தசை செத்தால் அது ரத்தத்தில் கசியும். 1960களில் இதுவே மாரடைப்புப் பரிசோதனையானது. பிறகு, இதயத்தில் அதிகம் இருக்கும் எம்பி வகையைத் தனியாக அளந்தார்கள். இப்போது முதலிடம் ட்ரோபோனினுக்கு. எண் எவ்வளவு ஏறுகிறதோ, பொதுவாக அவ்வளவு தசை சேதம். பின்னால் வரக்கூடிய ஆபத்தையும் அது காட்டும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. வயது, இதயம் பம்ப் செய்யும் திறன், சிறுநீரகம் எல்லாவற்றையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பார்.

லெடர்லே நிறுவனத்தில் சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்றும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டும் அங்கிருந்து வந்ததே.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் மாரடைப்பில் இறந்தார். வயது 53. மாரடைப்பைக் காட்டும் முதல் ரத்த என்சைம் பரிசோதனை வந்தது 1954இல். அவர் காலத்து டாக்டர்களிடம் இசிஜியும் நோயாளி சொல்லும் அறிகுறிகளும்தான் இருந்தன.

இன்று சில மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். வலி தொடங்கிய உடனே எடுத்தால் முதல் ரிப்போர்ட் நார்மலாகக்கூட வரலாம். அதனால்தான் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். கேஸ் பிரச்சினைதான்னு வீட்டிலேயே இருந்துவிட்டால், எந்த டெஸ்ட்டும் உதவாது.