உயரம் குறைந்த பயில்வான்

சிலம்பக் கம்பு சுழலும் திண்டுக்கல் சீமையில், பயில்வான் காமாவின் பெயரைப் பெரியவர்கள் வாயிலாக நீங்கள் கேட்டிருக்கக்கூடும். அவர் ஏறத்தாழ ஐந்தடி எட்டு அங்குல உயரமே உடையவர் என்பதை அறிவீர்களா? அவ்வுயரமே ஒருமுறை அவருக்குப் பெருந்தடையாக வந்து நின்றது.

குலாம் முஹம்மது பக்ஷ் என்னும் இயற்பெயருடைய அவர், 1878ஆம் ஆண்டில் மல்லர் மரபொன்றில் தோன்றினார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்து யத்தீமானார். தாய்வழிப் பாட்டனாரும் மாமனும் அவரை வளர்த்துக் கோதாவில் இறக்கினர். பத்து வயதில், ஜோத்பூர் மன்னர் நடத்திய பஸ்கிப் போட்டியில் நானூறுக்கு மேற்பட்ட பயில்வான்களுக்கிடையே அச்சிறுவரும் நின்றார். இறுதிவரை தளராத பதினைந்து பேருள் ஒருவராகத் திகழ்ந்த அவரையே, வயதைக் கருதி, வென்றவராக மன்னர் அறிவித்தார்! பின்னர் ததியா சமஸ்தானம் அவரை ஆதரித்தது.

1910ஆம் ஆண்டு தம் இளவல் இமாம் பக்ஷுடன் இலண்டன் சென்றார். உயரம் போதாதென்று கூறி அவரைப் பந்தயத்தில் சேர்க்க மறுத்துவிட்டனர். (அவ்வாண்டு ஜூலையில்தான், அமெரிக்காவில் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன், வெள்ளையர் பெரிதும் நம்பியிருந்த ஜெஃப்ரிஸை வீழ்த்தியிருந்தார். தோற்றத்தைக் கொண்டு ஆற்றலை மதிப்பிடும் போக்கு எங்கும் இருந்தது போலும்.) காமா மனம் குன்றவில்லை. எந்த எடையினராயினும் மூவரை அரைமணி நேரத்தில் வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார். வெற்றுப் பேச்சென்றே பலரும் எண்ணினர். முன்வந்த அமெரிக்க வீரர் ரோலர் இருமுறை மண்ணைக் கவ்விய பிறகுதான் கதவு திறந்தது.

செப்டம்பர் 10ஆம் நாள், போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் காமா மோதினார். உடலால் மிகப் பெரியவரான ஸ்பிஸ்கோ, சற்று நேரத்திலேயே விரிப்பில் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். புரட்டினாலன்றி வெற்றியில்லை, அவரோ புரளவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் முடிவு காணாமல் ஆட்டம் நிறுத்தப்பட்டது. 17ஆம் நாள் மீண்டும் மோதுவதென்று ஏற்பாடு. காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கே அளிக்கப்பட்டது. எதிரியின்றிக் கிடைத்த அவ்வெற்றி அவருக்கு நிறைவளித்திருக்குமா என்பது ஐயமே. அந்தக் கணக்கு தீரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். ஐம்பது வயதை நெருங்கிய காமா, ஒரு நிமிடம் முடிவதற்குள் ஸ்பிஸ்கோவை வீழ்த்தினார்.

ஆயினும், கோதாவுக்கு வெளியே அவர் நின்ற நிலையே என் நெஞ்சில் நிலைத்திருக்கிறது. 1947இல் நாடு பிரிவினையுற்றபோது அவர் லாகூரில் வாழ்ந்துவந்தார். வெறி கொண்ட கூட்டம், தெருவில் வாழ்ந்த இந்துக்களைத் தேடி வந்தது. அறுபத்தொன்பது வயதான அம்முதியவர் தம் மாணாக்கருடன் குறுக்கே நின்று அவர்களைக் காத்தார். பின்னர் அக்குடும்பங்கள் எல்லை கடந்து செல்லவும் துணை புரிந்தார்.

இறுதிக் காலத்தில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. எல்லைக்கு இப்பாலிருந்து தொழிலதிபர் பிர்லா உதவித்தொகை அனுப்பிவந்தார். 1960 மே 23ஆம் நாள் லாகூரில் காமா மறைந்தார்.