ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் ஐயர்

பிறந்த மண்ணை விட்டு வடநாட்டில் வந்து குடியேறிய தமிழர் எவரும் ஒரு வினாவுக்கு விடை சொல்லாமல் தப்ப முடியாது. அலுவலகத்தில் உடன் பணிபுரிவோர் கேட்பர். அண்டை வீட்டார் கேட்பர். பள்ளியிலிருந்து திரும்பும் நம் குழந்தைகளே கேட்பர். இந்தியும் வங்காளியும் ஒடியாவும் வடமொழி வழி வந்தவை என்றால், தமிழும் அவ்வழி வந்ததுதானே என்பதே அவ்வினா. இல்லை என்று உடனே சொல்லிவிடலாம். ஏன் இல்லை என்று அடுத்த வினா எழும்போதுதான் இடர்ப்பாடு. தமிழ் தொன்மையானது, இனிமையானது என்று பலர் விடை பகர்வர். தொன்மையும் இனிமையும் மெய்யே எனினும், கேட்ட வினாவுக்கு அவை விடையாகா. உரிய விடையைச் சான்றுகளால் அடுக்கி உலகறிய விரிவாக நிறுவியவர், திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டுச் சிற்றூராகிய இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் ஐயர். அவருடைய வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் காலனி அன்பர்களின் முன் வைக்க விழைகின்றோம்.

1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், அயர்லாந்தில் கிளாடி என்னும் ஊரில், ஸ்காட்லாந்து மரபினரான பெற்றோருக்குக் கால்டுவெல் பிறந்தார். இளமையிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. பதினாறாம் வயதில் டப்ளின் நகருக்குச் சென்று ஓவியம் பயின்றார். தூரிகையைத் துறந்து சமயத் தொண்டை நாடிய பின், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கிய டேனியல் சாண்ட்ஃபோர்ட், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் புதிய கலையின் சுவையை மாணவருக்கு ஊட்டினார். கால்டுவெல்லின் உள்ளத்தில் அன்று விழுந்த வித்து முளைத்து மரமானது தமிழ் மண்ணில்.

அக்கலையைப் பற்றி இங்கே சிறிது கூறுதல் வேண்டும். 1786-ஆம் ஆண்டு கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவையாதல் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் பாப் 1833 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பேரிலக்கணம் அவ்வுறவைத் திட்பமாக நாட்டியது. இரு மொழிகளில் ஒத்த சொற்கள் சில இருத்தல் உறவுக்குச் சான்றாகாது என்பதே அவ்வறிஞர் கண்ட நெறி. சொல்லைக் கடன் வாங்கலாம். நாம் மேசை என்கிறோம், சன்னல் என்கிறோம்; அதனால் தமிழ் போர்த்துகீசிய மொழியின் மகளாகிவிடவில்லை. நான், நீ போன்ற இடப்பெயர்கள், எண்ணுப் பெயர்கள், வினைச்சொல்லின் இறுதியில் நிற்கும் விகுதிகள் ஆகியவற்றை நோக்க வேண்டும் என்றனர். அவை எளிதில் கைமாறுவதில்லை.

1837-இல் பட்டம் பெற்ற கால்டுவெல், லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் மேரி ஆன் என்னும் கப்பலில் புறப்பட்டார். கப்பல் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதிச் சேதமுற்றது, பயணம் நீண்டது. அக்கப்பலில் உடன் வந்தவர் தெலுங்குக்குப் பெருந்தொண்டு புரிந்த சி. பி. பிரவுன். தமிழ் மண்ணை மிதிக்கும் முன்பே தென்னாட்டு மொழிகளைப் பற்றி அத்தகைய அறிஞரிடம் கேட்டறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1838 ஜனவரி 8-ஆம் நாள் சென்னையில் இறங்கினார்.

சென்னையில் மூன்றாண்டு தமிழ் பயின்றார். 1841-இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த பின், தமக்கென அமைந்த ஊரை நோக்கிச் சென்னையிலிருந்து நடந்தே சென்றார். தஞ்சை, திருச்சி, கோவை, நீலகிரி, மதுரை என்று சுற்றி வளைந்து சென்ற நடை அது. வண்டியும் பல்லக்கும் துரைமாருக்கு இயல்பாயிருந்த காலம். நடந்து சென்றவர் மட்டுமே கேட்கக்கூடிய பேச்சுகளை அவர் வழி நெடுகக் கேட்டார். ஊருக்கு ஊர் மாறும் தமிழின் ஓசை அவர் செவியில் படிந்தது. நூலறிவு மட்டும் கொண்ட ஐரோப்பியப் புலவரினின்று அவரைப் பிரித்துக் காட்டுவது இந்நடையே என நாம் கருதுகின்றோம்.

இடையன்குடி அந்நாளில் பனையும் செம்மணலும் சூழ்ந்த வறண்ட ஊர். கால்டுவெல் அங்கே தெருக்களை நேராக வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், மரங்கள் நட்டார், பள்ளிகள் அமைத்தார். 1844-இல் நாகர்கோயிலைச் சார்ந்த மால்ட் பாதிரியாரின் மகள் எலைசாவை மணந்தார். அவ்வம்மையார் திருவிதாங்கூரில் வளர்ந்தவர்; ஆங்கிலத்தைப் போலவே தமிழையும் சரளமாகப் பேசியவர். பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியும், ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னும் தொழில் கற்பித்தும் அவ்வூரில் தொண்டாற்றினார்.

கால்டுவெல்லின் எழுத்துகள் யாவும் போற்றத்தக்கன அல்ல. 1849-இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூல், தம்மைச் சூழ வாழ்ந்த நாடார் சமூகத்தாரை இழித்துரைத்தது. எவர் நடுவே வாழ்ந்தாரோ அவர்தம் வரலாற்றைச் செவ்வனே உசாவாமல் எழுதிய நூல் அது. அதற்கெதிராக எழுந்த குரல் பல்லாண்டு ஓயவில்லை; ஆசிரியரே பின்னர் அந்நூலை வழக்கிலிருந்து விலக்க நேர்ந்தது. மொழியை அத்துணை நுட்பமாக நோக்கிய கண், மக்களை நோக்கியபோது மங்கியது வருந்தத்தக்கதே.

அவருடைய பெரும்பணி 1856-இல் லண்டனில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். உடல்நலம் குன்றித் தாயகம் சென்றிருந்தபோது அதனை அச்சிட்டார். 1875-இல் மிக விரிந்த இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என்னும் ஆறனையும், தோடம், கோத்தம், கோண்டு, கந்தம், ஒராவோன், ராஜமகால் என்னும் ஆறனையும் ஒரு குடும்பமாக வகுத்துக் காட்டினார். பின்னுள்ள மொழிகள் சிலவற்றுக்கு அவர் கையிலிருந்தவை பிறர் தொகுத்த குறிப்புகளும் சொற்பட்டியல்களுமே.

நேர்மை கருதி ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியினின்று பிறவாத தனிக் குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டு முன்னரே, 1816-இல், சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில் நிறுவியிருந்தார். எல்லிஸ் 1819-இல் மறைந்தார். அவர் கருத்தும் பெரிதும் மறக்கப்பட்டது. கால்டுவெல் தம் நூலில் எல்லிஸுக்கு அளித்த இடம் போதாது என்பதே நம் கருத்து. ஆயினும் எல்லிஸ் இட்டது கால்கோள். முழு மாளிகையையும் எழுப்பியவர் கால்டுவெல்.

ஒலிகள், வேர்கள், பெயர், எண், இடப்பெயர், வினை என முறையே செல்கின்றது நூல். வாக்கிய அமைப்புக்கெனத் தனி அதிகாரம் இல்லை. எனினும் நூல் நெடுகத் தொடரின் அமைப்பே பேசப்படுகின்றது. ஆங்கிலத்தில் எழுவாய் முன்னும், வினை நடுவும், செயப்படுபொருள் பின்னும் நிற்கும். தமிழில் வினை இறுதியில் நின்று தொடரை முடிக்கும். ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருள் தரும் சிறுசொல் பெயருக்கு முன் வரும். தமிழில் உருபு பெயருக்குப் பின் ஒட்டும். நேற்று வந்த பையன் என்று நாம் மூன்றெழுத்துப் பெயரெச்சம் ஒன்றால் சுருங்கச் சொல்வதை, ஆங்கிலம் பையனை முன்னே நிறுத்தி, எவன் என்னும் பொருள்படும் ஓர் இடப்பெயரால் இணைத்து, வருகையைப் பின்னே சொல்லும். வடமொழியும் எவன், அவன் என்று இரண்டு இடப்பெயர்களை இணையாக நிறுத்தும். இந்தி ஜோ, வஹ் என்று நிறுத்துவதும் அவ்வழியே. இந்தி வழிப் பள்ளிகளில் பயிலும் நம் சிறுவர், எந்தப் பையன் நேற்று வந்தானோ அந்தப் பையன் என்று வீட்டில் பேசக் கேட்கின்றோம். சொல் யாவும் தமிழ். தொடர் மட்டும் இந்தி. பாட்டிமார் நகைக்கின்றனர். எவ்விடத்தில் இரு மொழிகளின் தன்மை வேறுபடுகின்றது என்று கால்டுவெல் காட்டினாரோ, அவ்விடத்தைத்தான் அச்சிறுவர் தம்மையறியாமல் தொட்டுவிடுகின்றனர்.

தொடரின் அமைப்பு மட்டும் உறவை மெய்ப்பிக்குமா? இங்கேதான் கால்டுவெல்லின் வெற்றியும் தோல்வியும் அருகருகே நிற்கின்றன. பின்னொட்டும் உருபு, இறுதியில் வினை, எச்சங்களை அடுக்கிச் செல்லும் தொடர் ஆகியவற்றைத் துருக்கி, பின்லாந்து, மங்கோலிய மொழிகளிலும் அவர் கண்டார். உடனே அவற்றையெல்லாம் சித்திய இனம் என ஒன்றாக்கி, திராவிட மொழிகளுக்கும் அவற்றுக்கும் உறவு கற்பித்தார். பாரசீக நாட்டுப் பெஹிஸ்துன் மலைக் கல்வெட்டின் ஒரு பகுதியையும் துணைக்கு அழைத்தார். அது ஈலாமிய மொழி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவர் வகுத்த சித்திய உறவை இன்று மொழியறிஞர் ஏற்பதில்லை. இந்தியிலும் வினை இறுதியிலேயே நிற்கின்றது. உருபு பெயருக்குப் பின்னரே வருகின்றது. எழுந்து, குளித்து, உண்டு சென்றான் என்று நாம் அடுக்குவது போலவே அவர்களும் அடுக்குகின்றனர். அதனால் இந்தி திராவிட மொழியாகிவிடவில்லை. நெடுங்காலம் அருகருகே வாழும் மொழிகள் சொல்லை மட்டுமன்றித் தொடரமைப்பையும் பகிர்ந்துகொள்ளும் என்பதை 1956-இல் எமனோ என்னும் அமெரிக்க அறிஞர் விரிவாக விளக்கினார். ஒப்பிலக்கணம் வெளிவந்து சரியாக நூறாண்டு கழிந்த ஆண்டு அது.

எனவே சித்தியக் கொள்கை வீழ்ந்தும் ஒப்பிலக்கணம் வீழவில்லை. தொடர் வடிவை மட்டும் நம்பிய இடத்தில் அவர் வழுக்கினார். இடப்பெயரையும் விகுதியையும் எண்ணையும் பற்றி நின்ற இடத்தில் நிலைத்தார். தமிழில் ஓர் இரண்டு மூன்று நான்கு, தெலுங்கில் ஒகடி ரெண்டு மூடு நாலுகு. இவற்றை வடமொழியின் ஏக, த்வி, த்ரி, சதுர் என்பவற்றோடு வைத்துப் பார்க்கச் சிறுபிள்ளைக்கும் வேறுபாடு புலனாகும்.

இவற்றினும் நுட்பமான சான்று ஒன்று உண்டு. நாம் என்பது வேறு, நாங்கள் என்பது வேறு. கேட்பவரையும் உளப்படுத்துவது முன்னது, விலக்குவது பின்னது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இவ்வேறுபாட்டுக்குத் தனித்தனிச் சொல் இல்லை; வடமொழியிலும் இல்லை. தெலுங்கில் மனமு, மேமு என்று உண்டு. நாம் குடியேறியிருக்கும் இந்தச் சோட்டா நாகபுரி மேட்டு நிலத்தில், ராஞ்சியைச் சுற்றிலும் ஒராவோன் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் குடுக் மொழியில் ஏன் என்றால் நான். நீன் என்றால் நீ. ஏம் என்றால் நாங்கள். நாம் என்றால் நாமேதான். அம்மொழியில் நான்கு வரையுள்ள எண்களே பழையவை. ஐந்து முதல் அயல்மொழியிலிருந்து கொண்டவை. எண்ணிற் பாதியை இழந்தும் நாம் என்னும் சொல்லை அம்மக்கள் இழக்கவில்லை. சந்தையில் காய்கறி விற்க வரும் அம்மூதாட்டியர் வாயில் அச்சொல் நாள்தோறும் ஒலிக்கின்றது. நம் குழந்தைகளை அழைத்துச் சென்று கேட்கச் செய்யலாம்.

தமிழ் வடசொற்களை அறவே விலக்கியும் தனித்து இயங்க வல்லது என்பது கால்டுவெல் கண்ட மற்றொரு முடிபு. தமிழ் இலக்கியத்தின் காலத்தை வரையறுத்தபோது அவர் பெரிதும் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அக்குறைக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குதல் தகாது. கலித்தொகை அச்சேறியது 1887-இல், பத்துப்பாட்டு 1889-இல், புறநானூறு 1894-இல். ஒப்பிலக்கணம் எழுதியவரின் மேசைமேல் சங்க நூல்கள் இல்லை.

1877-இல் கல்கத்தாவில் அவருக்குப் பிஷப் பட்டம் சூட்டப்பட்டது. பெரும் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய ஆண்டு அது. பட்டம் பெற்றுத் திரும்பியவரைக் கஞ்சித்தொட்டிப் பணி எதிர்கொண்டது. 1880-இல், முப்பதாண்டுக்கு மேல் சிறிது சிறிதாக எழுந்த இடையன்குடித் திருக்கோயில் நிறைவுற்றது. 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பழம்பொருள் தேடினார். 1891-இல் பணியினின்று ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் மலையில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். ஐம்பத்து மூன்று ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்த அவருடைய உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொணர்ந்து, அவரே எழுப்பிய கோயிலினுள் அடக்கம் செய்தனர். சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது 1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது.

குடுக் மொழிக்கு ஹான் பாதிரியார் எழுதிய இலக்கணம் கல்கத்தாவில் அச்சாகி வெளிவந்தது 1900-இல். அதனைக் காணக் கால்டுவெல் ஐயர் இல்லை.